மாதுளைக்கு மீன் ஐஸ்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கும் மற்றவன் செய்வதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். படித்தவன் அதற்குக் காரணம் சொல்வான். நானும் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த பொன்னம்பலம் பிள்ளையின் மகள் விசாலாட்சியைக் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை (இரண்டு வேளைதான், ராத்திரிக்கு இறங்கிவிட்டது). பெண் கேட்டுக் கடிதம் எழுதினேன். பிள்ளை பரம சைவர். வெங்காயத்தையே யோசித்துத்தான் சாப்பிடுவார். நல்லவேளை, நானும் சைவம்; அதையும் எழுதினேன். தோட்டமென்றால் அவருக்கு உயிர் என்று கேள்விப்பட்டு, 'வீட்டில் மாதுளை வளர்க்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

வளர்த்தது உண்மை. வளர்ந்ததுதான் இல்லை. ஊட்டிப் பக்கத்து நாற்றுப்பண்ணையிலிருந்து கேட்லாக் பார்த்துக் கப்பலில் வரவழைத்த கன்று அது. 'உறைபனியிலும் அசையாத ரகம்' என்று போட்டிருந்தார்கள். இங்கே பனியே இல்லாமல் அசையாமல் நின்றது. இலையெல்லாம் பழுத்துவிட்டது. நான் யோசித்தேன். (அங்கேதான் வினை.) பனியில் வளர்கிற செடி கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் எப்படி வளரும்? ஐஸ் வேண்டும்!

ஷெட்டுக்குத் தினமும் கிள்ளான் பக்கமிருந்து மீன் கூடைகள் வரும். மீனை எடுத்ததும் மிச்சம் மீதியோடு ஐஸைக் கீழே கொட்டிவிடுவார்கள். அதை வாளியில் அள்ளி வந்து, செடியைச் சுற்றிக் குழி வெட்டிப் புதைத்தேன். கூட இருந்த முத்தையா பார்த்துவிட்டு, "செடிக்குச் சளி பிடிச்சா யாருடா தைலம் தேய்க்கிறது?" என்றான். அவனுக்கு விஞ்ஞானம் புரியாது என்று விட்டுவிட்டேன். மீன் வாசம் எனக்குத் தெரியவே இல்லை. ஷெட்டில் வேலை பார்த்து என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளை வந்தார். படலைத் திறந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். செடியைச் சுற்றிப் பதினோரு பூனைகள்.

"தம்பி, சைவம்னு எழுதியிருந்தீங்க."

"சுத்த சைவம் ஐயா."

அந்த நேரம் பார்த்து ஒரு கடுவன் வேருக்கடியிலிருந்து மீன் தலை ஒன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே போயிற்று.

பிள்ளை திரும்பி நடந்தார். விசாலாட்சி கையை விட்டுப் போகிறாள் என்று புரிந்தது. வெட்கத்தை விட்டுத் தெருவரை ஓடி, ஒன்று விடாமல் சொன்னேன். கையோடு கொண்டுபோன கேட்லாகை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"பனியைத் தாங்கும்னுதானே போட்டிருக்கான்? எம் மகளும் எதையும் தாங்குவா. அதுக்காக அவளைக் கட்டிட்டுப் போயி தினம் கஷ்டம் குடுப்பீங்களா?"

"மாட்டேன் ஐயா."

பிறகு அவர் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டி கேட்டார். செடியை வேரோடு எடுத்து, நாள் முழுக்க வெயில் விழும் சுவரோரம் நட்டார். குழாயடியில் அரை மணி நேரம் குளித்தார். போகும்போது முத்தையாவிடம் சொன்னாராம்: "பையனுக்குப் பொய் சொல்ல வரல. மூளை கொஞ்சம் கம்மி. பரவால்ல, எம் பொண்ணுக்கு இருக்கு."

தையில் கல்யாணம். மறு வருஷம் மாதுளை நாலு காய் காய்த்தது. எலுமிச்சை அளவுதான், ஆனாலும் இனிப்பு.

இப்போது பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். பையன் என்ன படித்தான், எங்கே வேலை என்று நான் விசாரித்துக்கொண்டிருப்பேன். விசாலாட்சி அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. பார்க்கப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி ஒன்றுதான் சொல்வாள்:

"தோட்டத்துல பூனை இருக்கான்னு பாருங்க. இருந்தா, பேசி முடிச்சிட்டே வாங்க."