லூர்து மூன்று முறை சொன்னது

இந்நிகழ்ச்சி எங்கள் உறவினரிடையே பலவாறு வழங்குகிறது. ஒரு வடிவில் நான் கடலிலேயே விழுந்துவிடுகிறேன். (விழவில்லை; கடல் அரைக் கல் தொலைவில் இருந்தது.) ஆகவே, நானே கண்டதையும் என் மாமனார் மறுக்காததையும் மட்டுமே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். அபிராமத்தில் தமிழாசிரியனாயிருந்த நான், பாம்பனில் எங்களைப் போன்றே வேதக்காரரான, அதாவது கிறித்தவரான, ஒரு மீனவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். முன்னரே இரண்டு வீட்டார் என்னை வேண்டாமென்றிருந்தனர். இதுவும் தவறினால் தம்பிக்கு முதலில் முடித்துவிடுவதென்று என் அய்யா தீர்மானித்திருந்தார். அவர் மட்டும் குறித்த வண்டியில் வரட்டுமென்று விட்டு, காலந்தவறாமையைக் காட்ட முந்திய வண்டியிலேயே நான் போய் இறங்கினேன். வீட்டார் பதறி, உடைமாற்ற உள்ளே ஓடினர். நாற்காலி இருந்தும், அடக்கத்தைக் காட்டச் சுவரோரப் பலகையில் அமர்ந்தேன். குளிர்ச்சியாயிருந்தது, கடற்காற்றென்று மகிழ்ந்தேன்.

எதிரே வந்து நின்றாள் லூர்து. பெண்ணின் அக்காள் மகள், இரண்டரை வயது.

"மாமா, அங்கன!" என்று பலகையைச் சுட்டினாள்.

தன்னையும் அமர்த்தச் சொல்கிறாள் என்று தூக்கப்போனேன். விலகிக்கொண்டாள். சொன்னது எனக்கு எட்டவில்லையென அறிந்து சொல்லை மாற்றினாள்.

"மாமா, அடி!"

"யாரம்மா அடித்தது?" என்றேன் கனிவுடன். (கனிவு எனக்கு எளிதில் வருவதன்று.)

என் முகத்தைச் சற்று ஆராய்ந்தாள். சொற்களால் இவனிடம் பயனில்லையென்று முடிவு செய்தாள் போலும். தரையில் அமர்ந்தாள், எழுந்தாள், திரும்பி நின்று தன் பின்புறத்தில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

விளையாட்டென்று கொண்டு, நானும் எழுந்து, திரும்பி, ஓங்கி ஓர் அடி போட்டுக்கொண்டேன். பெண்ணின் தந்தை காப்பியுடன் நுழைந்தது அப்போதுதான்.

என் உள்ளங்கை செங்காவியாயிருந்தது. பருத்தி வலை உப்புநீரில் மக்காதிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பது அவர்கள் வழக்கம். தோய்த்த வலையை நான் வருவதற்குச் சற்று முன்னர்தான் அப்பலகையிலிருந்து எடுத்திருந்தனர். காலையில் அதன்மேல் அமர்ந்து அடிவாங்கியவள் லூர்து.

"ஏலே அந்தோணி, பெஞ்சியத் தொடைக்கச் சொன்னேன்ல?" என்று மகனை நோக்கிக் கத்தியவர், என் வேட்டியைப் பார்த்தார். "கவலப்படாதீக வாத்தியாரே. இனி அது உப்புத்தண்ணியில மக்காது."

கதவுக்குப் பின்னே சிரிப்பு வெடித்தது. "பிள்ள மூணு தடவ சொல்லுது, வெளங்கலையா?" (என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுவே.)

வகுப்பில் விளங்காத மாணவனிடம் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதொன்றே அதுவரை நான் அறிந்த முறை. இன்று வீட்டில் எனக்கு எதுவும் விளங்காவிடில், பேரப்பிள்ளைகள் வாய்பேசாமல் திரும்பி நின்று ஓர் அடி போட்டுக்கொள்கிறார்கள்.

என் மனைவி மணத்துக்கு இசைந்தது அச்சிரிப்புக்கு முன்னரா, பின்னரா என்று கேட்டிருக்கிறேன். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?" என்கிறாள். எனவே அது தெரியவில்லை.