மஞ்சள் கம்பியும் பூமித்தாயின் கோபமும்

கொச்சபம்பா,
சாம்பல் புதன், பிற்பகல்.

அன்பு மருமகன் வில்மருக்கு, மாமா ஃபெர்மின் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். நோன்புக்கு முந்தைய திருவிழாவுக்காக ஒரூரோ தெருக்களில் இத்தனை நாள் பிசாசு வேஷம் கட்டி ஆடிய உன் முழங்கால்களும் நலமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். கொம்பு வைத்த முகமூடிக்குள் இருப்பவனுக்குப் போன் மணி கேட்காது. அதனால் இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, கடையில கம்ப்யூட்டர் எல்லாம் ஒழுங்கா ஓடுனா, 'அப்புறம் உனக்கு எதுக்குடா சம்பளம்'ங்கிறாங்க முதலாளியம்மா தோன்யா நிக்கோலாசா. ஓடலைன்னா, 'இதுக்காடா உனக்குச் சம்பளம்'ங்கிறாங்க. நான் என்னதான் பதில் சொல்றது?" அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று காலை அந்த இரும்புக்கடையில் உன் வேலை வாசல்படிவரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி.

நேற்று செவ்வாய், கடையில் வருஷாவருஷம் நடக்கும் ச்சல்யா பூசை. நீ இல்லாததால் உன் சார்பில் நான் போனேன். சிமெண்டு மூட்டை, தராசு, லாரி, கல்லாப்பெட்டி என்று ஒன்று விடாமல் காகிதச் சுருள் சுற்றி, பூவிதழ் தூவி, மூலைக்கு மூலை பீர் தெளித்து, பூமித்தாய்க்குப் பங்கு கொடுத்தாயிற்று. பிறகு தோன்யா நிக்கோலாசா பீர் பாட்டிலோடு நேரே உன் பெட்டியிடம் வந்து நின்றாள். கடையின் கம்ப்யூட்டர்க் கம்பிகளெல்லாம் வந்து சேருமே, அந்தப் பெட்டிதான். "வருஷம் பூரா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி உழைக்குது. இதுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதா, வாத்தியாரே?" என்றாள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மின்சாரமும் பீரும் ஒரே பள்ளியில் படித்தாலும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்று விளக்கி, பெட்டிக்கு முன்னால் தரையில் மட்டும் தெளிக்க வைத்தேன். பெட்டிக்கு மாலைபோலக் காகிதச் சுருள் போட்டோம். பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட பெருமிதத்தில் நானும் ஒரு கோப்பை குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை கடை திறந்ததும் சுல்மா கல்லாவில் உட்கார்ந்தாள். பில் வரவில்லை, விலை வரவில்லை, கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்றும் தெரியவில்லை. எல்லாத் திரையும் நடுவில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது. பெட்டியில் மட்டும் எல்லா விளக்கும் பேய் பிடித்ததுபோல் ஒரே நேரத்தில் துடித்தது. விடுமுறை முடிந்து சிமெண்டுக்கு வந்த கொத்தனார்களின் வரிசை தெருமுனை திரும்பி நின்றது. என்னை ஆள் விட்டு அழைத்தார்கள். நான் நுழையும்போதே கிடங்குக்காரர் செவேரோ சொல்லிக்கொண்டிருந்தார்: "தரையில தெளிச்சா யாருக்குப் போய்ச் சேரும்? பெட்டிக்கு ஒரு சொட்டு இல்லைன்னுட்டாரே வாத்தியார்! பூமித்தாய்க்கே கணக்குப் பாத்தா கோவம் வராதா?"

"கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல, பீர் தெறிச்சு உள்ள போயிருக்கும்" என்றாள் சுல்மா.

தோன்யா இரண்டையும் ஒதுக்கிவிட்டாள். "அந்தப் பய அங்க பிசாசு வேஷம் கட்டி ஆடுறான், நெசப் பிசாசு இங்க வந்து குந்திக்கிச்சு! உங்க மருமகன்கிட்ட சொல்லிடுங்க, வாத்தியாரே. மத்தியானத்துக்குள்ள பில் வரலைன்னா எதிர்க்கடைக்காரியோட மச்சினனைக் கூப்பிட்டு வேலையைக் குடுத்துருவேன்."

செவேரோ இன்னொரு பாட்டிலைத் திறந்து தரையை நனைத்தார். பயனில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். விளக்குகள் நல்ல பிள்ளைபோல் ஒரு மூச்சு எரிந்துவிட்டு மறுபடி துடித்தன. நான் ஒரு நாற்காலியைப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். கெட்டுப்போன பொருள் சோர்ந்து கிடக்கும், இதுவோ அளவுக்கு மீறி உழைக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வகுப்பறை நினைவுக்கு வந்தது. முதல் பெஞ்சுப் பையன் 'நாளைக்கு லீவாம்' என்று பின்னால் சொல்லி, அது கடைசி பெஞ்சிலிருந்து சுற்றிக்கொண்டு அவன் காதுக்கே வந்தால், புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி சொல்வான். அப்புறம் அந்த வகுப்பில் பாடம் நடக்குமா? காகிதச் சுருளை விலக்கி ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொண்டு போனேன். ஒரு மஞ்சள் கம்பி பெட்டியில் புறப்பட்டு, ஒரு சுற்று சுற்றி, அதே பெட்டிக்குள்ளேயே போயிருந்தது.

"இதை யாரும்மா செருகினது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள் தோன்யா. "ச்சல்யா நேரத்துல ஒரு நுனி நாக்கு மாதிரி வெளிய தொங்குச்சு. பூமித்தாய்க்கு முன்னாடி அப்படியா நிக்கிறது? பக்கத்துல ஓட்டை காலியாத்தான இருந்துச்சு!"

நீ வந்தால் உன் மடிக்கணினியில் மாட்டிக்கொள்ளத் தொங்கவிட்டிருந்த நுனி அது! பிடுங்கினேன். விளக்குகள் மூச்சு வாங்கி நிதானமாயின. சுல்மாவின் அச்சுப்பொறி காலையிலிருந்து அடக்கி வைத்த பில்களையெல்லாம் ஒரேயடியாகத் துப்பியது. கொத்தனார்கள் கைதட்டினார்கள். தவறு உன்னுடையது அல்ல என்று எல்லோர் முன்னாலும் விளக்கினேன். தோன்யாவும் தலையாட்டினாள். ஆகவே மருமகனே, உண்மையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் போதும், உழைப்புக்கு உரிய மதிப்பு தானே வரும். நீ கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். நிம்மதியாக ஆடி முடித்துவிட்டு வா. ஆண்டவரும் பூமித்தாயும் ஆளுக்கொரு கையால் உன்னைக் காக்கட்டும். அத்தையின் முத்தங்கள்.

உன் மாமா,
ஃபெர்மின்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தோன்யா வந்தாள். "ஒரு கம்பியப் புடுங்குறதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுத்தேன்? அதை நீங்களே மத்தியானச் சாப்பாட்டுக்குச் செய்வீங்களே, வாத்தியாரே!" என்றாள். உன்னை நிறுத்திவிட்டாள், என்னை வைத்துக்கொண்டாள். மேலே எழுதியதை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை காலை வரிசை நீளமாக இருக்கும்போது அந்தக் கம்பியை நானே செருகிவிட்டு, ஒன்றும் புரியாதவன்போல் விழித்துக்கொண்டு நிற்பேன். நீ தற்செயலாக வருவதுபோல் வா. ஆனால் வந்ததும் கம்பியில் கை வைத்துவிடாதே. நான் செய்த பிழை அதுதான். முதலில் நெற்றியைச் சுருக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். இன்றே முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை செய்து பார்.