குதிரைக்கு ஈறு கட்டியவள்

"கொஞ்சம் அதிகமா ராவிட்டேனோ?" என்று அவள் வயலினைப் பார்த்துக் கேட்டாள்.

வயலின் வாய் திறக்கவில்லை. நாத்தனார்தான் பதில் சொன்னாள். "அண்ணி, இது வயலின். கடிச்சுப் பாருன்னா கடிச்சுக் காட்டாது."

பல் செட் செய்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அந்தத் தெருவில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பதே அவள் கைவண்ணத்தில்தான். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா?

விஷயம் இதுதான். அவள் கணவன் பஸ் டிரைவர். ஸ்டியரிங் பிடித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வயலின்தான். நகர இசைக்குழுவுக்கு இன்று சாயங்காலம் ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்பு இருப்பதால் இதை விட்டால் அவனுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது. அவன் வயலினில் கம்பிகளோ விரல் வைக்கும் பலகைக்கு மேல் ரொம்ப உயரத்தில் இருந்தன. அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் புண். "பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே நேற்று தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தான். அவளுக்கு மனசு தாங்கவில்லை. காலையில் அவன் டியூட்டிக்குக் கிளம்பியதும் வயலினைத் தூக்கிக்கொண்டு தன் வேலை அறைக்குப் போய்விட்டாள்.

கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். குதிரை குட்டையானால் கம்பி இறங்கும். அவ்வளவுதானே? பல் கடியைச் சோதிக்கும் நீலத்தாளைக் கம்பிக்கு அடியில் செருகி, எங்கே இடிக்கிறதென்று பார்த்தாள். குதிரையை அரத்தால் இந்தப் பக்கம் ராவினால் அந்தப் பக்கம் உயரமாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ராவினால் இந்தப் பக்கம். கடைசியில் கம்பிகள் பலகையிலேயே படுத்துவிட்டன. வில்லை இழுத்தால் டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி இரைச்சல்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"தேஞ்ச பல்லுக்கு என்ன பண்ணுவேன்? கட்டிவிடுவேன்."

செட்டுக்கான பசையைக் குழைத்துக் குதிரையின் காலடியில் கட்டினாள். அழகாகக் கட்டினாள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். நிஜ ஈறு தோற்றுப்போகும். நிறமும் ஈறு நிறம்தான். வேறு நிறம் வீட்டில் இல்லை.

"வயலின் சிரிக்குது அண்ணி."

"நீ வாயை மூடு."

கம்பிகளை மொத்தமாகத் தளர்த்திக் குதிரையை நிறுத்தப் போனாள். வயலினின் வயிற்றுக்குள் முட்டுக் கொடுத்து நின்ற ஏதோ குச்சி விழுந்து உருண்டது. இடுக்கியை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினாள். "இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க" என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்தது. குச்சி சிக்கவில்லை. மறுபடி கம்பி கட்டிப் பார்த்தால் முன்னைவிட உயரம். சத்தமோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

வயலினை எடுத்துப் போக மதியம் வருவதாகச் சொன்ன கணவனையும் காணோம். அவள் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

ரிப்பேர்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு ராவினது?"

"நான்தாங்க."

"என்ன சுத்தமான கைம்மா. இவ்வளவு சமமா எனக்கே வராது. ஆனா இன்னைக்கு இது ஆகாது. புதுக் குதிரை போடணும், உள்ளே விழுந்த குச்சியை நிறுத்தணும்."

அவள் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அந்த மனுஷன் ஆசைப்பட்டதே இது ஒண்ணுதாங்க. அதையும் நான் ராவித் தள்ளிட்டேனே."

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரு காலையிலயே இங்க வந்து, கம்பி இறக்கின வயலின் ஒண்ணை என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றார் ரிப்பேர்காரர். "மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை எடுக்க வீட்டுக்கு வந்தாராம். 'கதவிடுக்குல பார்த்தேன், அவ ராவுற அழகுல அப்படியே நின்னுட்டேன், நிறுத்துன்னு சொல்ல மனசே வரல'ன்னாரு."