கோவாவில் கொழுந்து பறித்த கதை

மானியம் கொடுக்கிறவர்களிடம் ஒரு குறை உண்டு. கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். கொடுத்தது என்ன ஆச்சு என்று பார்க்க வந்துவிடுவார்கள். இந்த ஞானம் எனக்கு வாலிப வயதில், இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு சின்ன அரசாங்கப் பாடசாலையில், நாலு பேர் பார்க்கக் கிடைத்தது.

ஐம்பதுகளின் கடைசி. சுற்றிலும் தேயிலை, நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் பாடசாலை. பிள்ளைகள் எல்லாம் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள். உட்காரப் பெஞ்சு கிடையாது. சிமெந்துத் தரையில் சாக்கை விரித்து உட்காருவார்கள். அந்தக் குளிரில் காலையில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பல்லெல்லாம் தந்தியடிக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்போதுதான் கல்விக் கந்தோரில் வகுப்பறைச் செயல்திட்டங்களுக்கு மானியம் தருகிறார்கள் என்று தெரிந்தது. முதலில் விதைக்கும் மண்வெட்டிக்கும் கொஞ்சம் தருவார்கள். அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், வகுப்புக்கு வேண்டிய மேசை, பெஞ்சு மாதிரித் தளபாடமும் வரும். காய்கறி போடுகிறோம், பெஞ்சு வேண்டும் என்று எழுதிப் போட்டேன். முதல் மானியம் கிடைத்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த முறையிலேயே கற்பிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். (படித்ததுதான் வினை.) தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மாதிரி, நானும் தினமும் பெரட்டு வைத்தேன். ஆளுக்கொரு நிரை கொடுத்தேன். நாலாம் வகுப்புச் செல்லம்மாவைக் கங்காணி ஆக்கினேன். துரை யார் என்று கேட்கிறீர்களா? தொப்பி யார் தலையில் இருந்ததோ அவர்தான்.

தையல் டீச்சர் (பிற்பாடு என் மனைவி, அப்போது பாவம், தன் தலையெழுத்து அவருக்குத் தெரியாது) ஒருநாள் கேட்டார்: "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறீங்களா, தேயிலைக் கம்பெனி நடத்துறீங்களா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போஞ்சி (பீன்ஸ்தான்) பூ விட்டது. கோவா (முட்டைக்கோசு) நடுவில் உருண்டு வந்தது. அதிகாரி வருகிற நாளும் வந்தது. அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது செல்லம்மாவைக் கூப்பிட்டேன்.

"பெரிய தொரை வர்ற மாதிரி நெனச்சுக்க. அவர் வர்றப்ப ஒருத்தரும் சும்மா நிக்கக் கூடாது. எல்லாரும் நிரையில நின்னு வேலை செய்யணும்."

"சரிங்க சார்."

களையை முந்தின நாளே பிடுங்கியாகிவிட்டது. தண்ணீரை மழை ஊற்றிவிட்டது. அப்புறம் என்ன வேலை மிச்சம் என்று தொப்பி போட்ட இந்தத் துரைக்குத் தோன்றவில்லை.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்கிற முகம். வழிநெடுக அவரிடம் போஞ்சியின் பெருமையை அளந்துகொண்டே வந்தேன். வளைவு திரும்பினோம். ஆகா, என்ன ஒழுங்கு! பிள்ளைகள் உட்காரும் சாக்கையே முதுகில் கூடை மாதிரி கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நின்று, இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தார்கள். போஞ்சி, தக்காளி, கோவா எல்லாம் ஒரே மட்டம். பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. கோவாவில் நடுக்குருத்தைக் காணோம்.

"மாஸ்டர், இது என்ன பயிர்?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா ஓடி வந்து சாக்கை விரித்துக் காட்டினாள். "ரெண்டு இலை ஒரு கொழுந்துதாங்க ஐயா எடுத்தோம். முத்தல் ஒண்ணுகூட இல்ல, பாருங்க!"

"ஆர் பறிக்கச் சொன்னது?"

"சார்தாங்க வேலை செய்யச் சொன்னாரு. பெரிய தொரை வர்ற அன்னிக்கு எங்கம்மாவெல்லாம் கொழுந்துதாங்க எடுப்பாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே கேட்டாள்: "ஐயா, எங்களுக்கு இன்னிக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

(ஒருநாள் கூலியைத் தோட்டத்தில் பேர் என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். ஒன்றும் எடுக்காதவருக்குப் பேரே இல்லை.)

அதிகாரி கோவாவைப் பார்த்தார். என் தொப்பியைப் பார்த்தார். பிறகு சாக்கு இல்லாமல் கிடந்த வகுப்பறைத் தரையை எட்டிப் பார்த்தார். அங்கே நிறைய நேரம் நின்றார்.

"பயிர் ஒண்டும் மிஞ்சேல்லை. ஆனா பிள்ளையள் வேலை செய்திருக்குதுகள். அரைப் பேர்," என்றார்.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. கொஞ்ச நாளில் லொறி வந்தது. சரியாகப் பாதி வகுப்புக்குப் பெஞ்சு.

பாதியோ கீதியோ, இறக்கி வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம். யாரும் கவனிக்காதபோது ஒரு பெஞ்சின் நுனியில் மெல்ல உட்கார்ந்து பார்த்தேன். அதற்குள் செல்லம்மா, கங்காணி வேலையை அவள் இன்னும் விட்டிருக்கவில்லை, இடம் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நிறையக் கொழுந்து எடுத்தவர்களுக்கு முதல் கிழமை முழுக்கப் பெஞ்சு. மற்றவர்களுக்கு அடுத்த கிழமை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், எந்திரிங்க. நீங்க அன்னிக்கு ஒரு கொழுந்துகூட எடுக்கல."

நியாயம்தானே? எழுந்தேன். கதவருகே தையல் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பொத்திய வாய் கல்யாணத்துக்குப் பிறகு திறந்தது; கதை சொந்தபந்தமெல்லாம் பரவியது. கல்யாணமோ காதுகுத்தோ, நாற்காலி போதாவிட்டால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எனக்காக எழுந்திருப்பதில்லை. சமீபத்தில் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய், "ஐயோ, தாத்தா நிக்கிறாங்களே!" என்று எழுந்தார்கள். என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையமர்த்தினாள்.

"நீங்க உக்காருங்க. அவருக்கு இன்னும் பேர் விழல."