பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் வைத்த சூப்பு

சாலை, திருவனந்தபுரம்
ஐப்பசி, விடாத மழை

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் தாணுலிங்கம் அவர்களுக்கு ஆறுமுகநயினார் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை மங்கலமும் எங்கள் மகள் சரோஜமும் சௌக்கியம். என் சௌக்கியத்தை மங்கலத்திடம்தான் கேட்க வேண்டும். அவள் என்னோடு பேசுவதில்லை.

அத்தான், கல்யாணப் பட்டு எடுக்க வேண்டாம். பொன்முடி எஸ்டேட்டில் கிளார்க்காக இருக்கிற பையனின் வீட்டார் நேற்றுப் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்காலம் வரவேண்டியவர்கள் மத்தியானமே வந்து, நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மங்கலம் அப்போதுதான் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிறாள். வாரப் பத்திரிகையில் 'மழைக்குப் பத்தே நிமிடத்தில் சூப்பு' என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சும்மா இருந்தேனா? கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பருப்புத் தண்ணீர், கை நிறைய மிளகுப்பொடி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்தேன், வாசனை ஜோராகத்தான் இருந்தது, தண்ணியா இருக்கேன்னு மைதா கரைச்சு விட்டேன், அப்பவும் தண்ணிதான், இன்னும் கொஞ்சம் விட்டேன், அவங்க தலை துவட்டி உக்காரதுக்குள்ள அது இறுகிக் களியாயிட்டு. வேற வழியில்லாம கிண்ணத்தில் வச்சு பஜ்ஜியோட அனுப்பினேன்.

பையனின் அப்பா பஜ்ஜியை அதில் முக்கித் தின்றுவிட்டு, "சட்னி கொள்ளாம்" என்று மெச்சுகிறார்! அதோடு போயிருக்கும். பெண் பார்க்கிற வீட்டில் எல்லாரும் சொல்கிற பொய்யை உங்கள் தங்கையும் எடுத்து விட்டாள்: "எல்லாம் எங்க சரோஜம் கையால செய்ததாக்கும்." உடனே பையனின் அம்மா கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "இது எந்தா மோளே?" என்று சரோஜத்தைக் கேட்டாள். அதுவரை அறைக்குள் சேலை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? எட்டிப் பாத்துட்டு "தெரியாதே"ன்னுட்டா. எல்லாரும் அவளையே பாக்காங்க, அவளுக்குக் கண்ணு கலங்கிட்டு. எனக்குப் பொறுக்கல அத்தான். "அது சூப்பு. நான்தான் வச்சேன்"னு எந்திரிச்சுச் சொல்லிட்டேன். "ஆம்பிள அடுப்படியில நிக்கிற வீடா? நாளைக்கு எம் மகனையும் நிக்க வச்சிரும்" என்று அந்தம்மா குடையை எடுத்துவிட்டாள்.

சம்பந்தம் போயிற்று. என் வாயால் போனதா, என் சூப்பால் போனதா என்று உங்கள் தங்கையே இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தாணுமாலயன் துணை நிற்கட்டும். மிச்சமிருந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: பட்டு எடுத்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது அந்தப் பையன் தனியாக மலையடி விதுரா பஸ்ஸில் வந்து இறங்கினான். பொன்முடிக் குளிரில் தானே பொங்கித் தின்கிறவனாம், அம்மாவைச் சரிக்கட்டிவிட்டானாம். "மாமா, அந்தச் சூப்பு எப்படி வைக்கணும்?" என்றான். மைதாவைக் குறைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அடுப்படியில் அவன்தான் நிற்கிறான். சரோஜம் பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் போதாது என்கிறாள். இது மட்டும் அந்தம்மா காதுக்குப் போக வேண்டாம்.