மேகத்தில் மீன்பிடிக்கும் முனிவர்

இயற்கையை அப்படியே விட்டுவைத்தால் அது கெட்டுப்போகும் என்ற பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை யுன்பிங் மலைச் சுற்றுலா நிர்வாகத்தையே சாரும். அதற்கு முன்பு மலை கோடி வருஷமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. நிர்வாகம் வந்த பிறகுதான் வாசலும் ரோப் காரும் நுழைவுச் சீட்டும் முளைத்து, அதுவும் ஒரு மலை என்று சொல்லும்படி ஆயிற்று.

உச்சியில் இருந்த சில வீடுகளை 'இயற்கைக்கு இடையூறு' என்று இடித்தார்கள். அதில் ஒன்று வெய் சாங்கெனுடையது. அவருக்கும் மனைவி குய்ட்செனுக்கும் அடிவாரத்தில், ஆறாவது மாடியில், ஒரு வீடு கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் இயற்கையாக எதிர்வீட்டு ஜன்னல் தெரியும்.

இடித்த வீட்டின் முற்றத்தில் குய்ட்சென் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட பெர்சிமன் பழமரத்தை மட்டும் வெட்டவில்லை. புகைப்படத்தில் நன்றாக விழுந்தது. அதனடியில் ஒரு பலகை வைத்தார்கள்: 'தாங் வம்சத் துறவி நட்டது. வயது ஆயிரத்து இருநூறு.' ஜனங்கள் கிளைகளில் சிவப்பு நாடா கட்டி வேண்டிக்கொண்டார்கள்.

"எனக்கு இவ்வளவு வயசாச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்றாள் குய்ட்சென். சிரித்துவிட்டு, "பழம் பழுத்திருக்கும். ஒண்ணே ஒண்ணு தின்னா போதும்" என்றாள். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் அவள் சொல்வதுதான்.

இந்தச் சமயத்தில் மலைக்கு ஒரு சோதனை வந்தது. 'மேகத்தில் மீன்பிடிக்கும் முனிவர்' என்று நாடெங்கும் புகழ்பெற்ற பாறையின் மேல்பாதி கோடை மழையில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது. முனிவரின் மடி மட்டும் மிச்சம். தேசிய தின விடுமுறைக் கூட்டம் வரப்போகிறது. அதே வாரத்தில் தரச்சான்றுக் குழுவும் வரப்போகிறது. நிர்வாகத் தலைவர் கே அவசரக் கூட்டம் போட்டார். சிமெண்டில் ஒரு தலை செய்து ஒட்டலாம் என்றார் ஒருவர்.

"போலியா? இயற்கைக்குத் துரோகமா?" என்று கே மேஜையில் ஓங்கி அடித்தார். பிறகு வெய்யைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெய் அண்ணே, உங்களுக்கு ஒரு பதவி."

"என்ன பதவி தலைவரே?"

"பாறை."

வெய் கொஞ்சம் யோசித்தார். "அனுபவம் கேப்பீங்களா?"

"அதான் இருக்கே! பத்து வருஷமா ஆறாவது மாடியில அசையாம உட்கார்ந்திருக்கீங்களே. அந்தப் பாறை மேல ஏறுற வழியும் உங்களுக்குத்தான் தெரியும்."

"காசு வேணாம் தலைவரே. விடுமுறை முடிஞ்சதும் எங்க மரத்துல ஒரு கூடை பழம் பறிச்சுக்கணும். அவ கேட்டுக்கிட்டே இருக்கா."

"எங்க மரம்னு சொல்லாதீங்க, அது புராதனச் சின்னம். சரி, ஒரு கூடை. ஆனா வெளியில மூச்சு விடக் கூடாது. வீட்லயும்தான். அசைஞ்சா கூடை கிடையாது."

"பாறை பேசுமா தலைவரே?"

மனைவியிடம், நிர்வாகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஏதுமில்லை.

முகத்தில் சாம்பல் நிறச் சேறு, உடம்பில் கோணி, கையில் மூங்கில் கழி. முனிவரின் மடியில் வெய் ஏறி உட்கார்ந்தார். எதிரே பார்வை மேடையில் தலைக்கு மேல் தலை, தலைக்கு மேல் கைபேசி. வழிகாட்டிப் பெண் ஃபாங் ஒலிபெருக்கியில், "சாயல் கொஞ்சந்தாங்க தெரியும். மிச்சத்தை நீங்கதான் மனசுல போட்டு நிரப்பிக்கணும்" என்றாள்.

"என்ன நிரப்பினாலும் ஆள் மாதிரி தெரியலையேம்மா!"

"மூக்கு சரியில்ல."

"விளம்பரப் படத்துல அசல் மனுஷன் மாதிரி இருந்துச்சு. இது வெறுங் கல்லு!"

சாயங்காலம் கே கடுகடுவென்று வந்தார். "புகார் மேல புகார் அண்ணே. கொஞ்சம் மனுஷன் மாதிரி இருக்கக் கூடாதா?"

"பொறந்ததுலேர்ந்து முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் தலைவரே."

தரச்சான்றுக் குழு வந்தது. குழுத் தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மனிதக் கை படாத அழகு!" என்று உருகினார். வெய்யின் மூக்கில் ஓர் ஈ நடந்தது. அவர் கூடையை நினைத்துக்கொண்டார்.

அப்போது மேடையோரத்தில், மரத்தடியில், கூச்சல். வெய் கண்ணை மட்டும் திருப்பினார். முட்டிவலியோடு ரோப் கார் ஏறி வந்திருந்த குய்ட்சென், மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டி ஒரு பழம் பறித்துவிட்டாள். காவலாள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"ஆயிரத்து இருநூறு வருஷ மரம்மா! கை வைக்க என்ன தைரியம்?"

"நட்டவளே நான்தான்டா! குழி தோண்டினது என் புருஷன். சோம்பேறி, அரைக் குழிதான் தோண்டினாரு!"

"அப்ப அம்மா தாங் வம்சமா?" என்றது ஒரு குரல். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கைபேசிகள் எல்லாம் முனிவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பின.

காவலாள் இழுத்த இழுப்பில் குய்ட்சென் முட்டி தரையில் மோத விழுந்தாள். பழம் உருண்டு யாரோ ஒருவரின் செருப்படியில் நசுங்கியது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கைகொடுக்க அங்கே கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாக் கையிலும் வேலை இருந்தது.

பாறை மூங்கில் கழியை வீசிவிட்டு எழுந்தது. பின்பக்க வழியாக இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவளைத் தூக்கி நிறுத்தியது.

"யாருய்யா நீ?"

"நான்தான்டி."

குய்ட்சென் சட்டைக் கையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்துப் பார்த்தாள். "இதுதான் அந்த நிர்வாக வேலையா? கல்லா உட்காரவா போனே? ஈரமா இருக்கே மேலெல்லாம், சளி பிடிக்காது?"

கே ஒருவினாடி வெளிறினார். மறுவினாடி ஃபாங்கின் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை முனிவர் எழுந்து அருள்தரும் காட்சி! பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்!"

கைதட்டல் மலையை அதிரவைத்தது. குழு உச்சத் தரச்சான்றை வழங்கியது. புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்திய குய்ட்செனுக்கு மலையேறத் தடை. வேலை நேரத்தில் அசைந்த வெய்க்குப் பணிநீக்கம். கூடை பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்த இடத்தில் இப்போது புதிதாக ஒரு பலகை நிற்கிறது: 'இங்கே ஒரு கல் எழுந்து நடந்தது.' நிர்வாகம் இதுவரை வைத்த பலகைகளிலேயே முழு உண்மை பேசுவது அது ஒன்றுதான். அன்று மேடை நிறையக் கைபேசியோடு கற்கள் நின்றிருந்தன. எழுந்து நடந்தது ஒன்றே ஒன்றுதான்.