தலைவர் இறந்தால் பவளம் தழைக்கும்

எங்கள் தீவு ஊரான வத்துலோமாவில் தலைவர் இறந்தால், ஊருக்கு முன்னால் இருக்கும் பவளப்பாறையில் நூறு நாள் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. கம்பு நட்டு ஓலை கட்டிவிடுவோம். நூறாம் நாள் ஓலையை அவிழ்த்து, பிடித்து, சமைத்து, துக்கத்தை முடிப்போம். பழைய வழக்கம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அரசாங்கம் வந்து பார்க்கும்வரை இருந்ததில்லை.

பழைய தலைவர் இறந்தபோது தலைநகர் சுவாவிலிருந்து பவளப் பாதுகாப்பு அலுவலகத்தார் வந்து கடலில் முங்கிப் பார்த்தார்கள். முதல் நாள் பார்த்தார்கள். நூறாம் நாள் பார்த்தார்கள். கிளிமீன் பெருகியிருந்தது. அது பாசியைக் கொறித்துத் தின்றதில் பவளத்துக்கு மூச்சு வந்திருந்தது. அறிக்கை எழுதினார்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முடிவு ஒரே வரி: 'தலைவர்களின் மரணம் பவளப்பாறைகளின் நலனுக்கு இன்றியமையாதது எனக் கண்டறியப்படுகிறது.'

"மீன் பிடிக்காம இருந்ததுதான்யா காரணம்" என்றாள் உனைசி. பாறையில் வலை போடும் பெண்களை முன்னின்று நடத்துபவள் அவள்தான். அவள் சொன்னதை அடிக்குறிப்பில் போட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அலுவலகத்திலிருந்து அப்பெனிசா வந்தான். கையில் நிரப்பவேண்டிய விண்ணப்பப் பாரம். சேதி நல்லதில்லை. ஒரு பெரிய படகுக்கு எங்கள் பாறையில் மீன் பிடிக்க உரிமம் தரப்போகிறார்கள். மூடிய பாறையென்றால் தரமாட்டார்கள்.

புதுத் தலைவர் விலிகேசா பாயில் உட்கார்ந்திருந்தார். கல் மாதிரி உடம்பு. தலைவர் சபையில் வாய் திறப்பதில்லை. அவருக்காகப் பேசுவது மனாசா. மனாசாவுக்கு அப்பெனிசா மச்சான் முறை. மச்சானைக் கிண்டலடிக்காமல் விட்டால் எங்கள் பக்கம் உறவு முறிந்ததாக அர்த்தம்.

"மூடணும்னா மூடிட்டுப் போறோம். ஓலைக்கா பஞ்சம்?" என்றான் மனாசா.

"சும்மா மூட முடியாது மச்சான். விதி ஏழு. தலைவர் இறப்பை முன்னிட்டு மூடினாத்தான் மூடல்."

"அவர்தான் உயிரோட இருக்காரே."

"அதான் சிக்கல். எப்ப இறப்பார்னு ஒரு தேதி சொல்லுங்க. கட்டம் காலியா இருக்கு."

"உன் மண்டை மாதிரியா?"

உனைசி வாசலிலிருந்து சத்தம் போட்டாள். "வாயாடினது போதும். அந்தப் படகு வந்தா மூணு மாசத்துல வழிச்சிட்டுப் போயிடும். கிளிமீன் போனா பாசி மூடும், பாசி மூடினா பாறை சாகும். அப்புறம் மரவள்ளிக்குத் தொட்டுக்க என்னத்தத் தருவே? உன் பாரத்தையா?"

தலைவர் மனாசாவின் காதில் ஏதோ சொன்னார்.

"ஊருக்காக இறக்கச் சம்மதமாம். மதியம் சாப்பிட்டதுக்கு அப்புறம்."

அப்பெனிசா எழுதினான். 'தற்காலிகமாக' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னோம். அரைகுறையாக இறக்க விதியில் இடமில்லை என்றான். முழுதாக இறந்தார். துக்கம் விசாரித்து அவர் கையையே குலுக்கிவிட்டுப் போனான்.

ஓலை கட்டினோம். படகு வேறு ஊர் பார்த்துப் போயிற்று. பாறை தழைத்தது.

நூறாம் நாள் பாதுகாப்பின் வெற்றியை நேரில் காண மூன்று பேருந்து நிறைய அதிகாரிகள் வந்தார்கள். கண்டார்கள். பிறகு தின்றார்கள். நாங்களும்தான். சாயங்காலம் பாறையில் எலும்புதான் மிச்சம். மறுநாள் படகு மறுபடி மனுப் போட்டது.

"இன்னொரு தடவை மூடணும்" என்றாள் உனைசி.

"தாராளமா. ஆனா ஒருத்தர் ரெண்டு தடவை சாகக் கூடாது. அது மோசடி" என்றான் அப்பெனிசா.

தலைவரின் தம்பியைத் தலைவராக்கினோம். அடுத்த நிமிஷமே அவரும் இறந்தார். நூறு நாள் கழித்துச் சித்தப்பா. இதற்குள் ஆண்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இறந்தவனுக்குத் திங்கட்கிழமை ஊர்வேலை கிடையாது. புல் வெட்ட வேண்டாம், வாய்க்கால் தோண்ட வேண்டாம். சாவதற்கு அடிதடி.

"நான் மூத்தவன், நான்தான் முதல்ல போகணும்!"

"போன நூறாம் நாளே எனக்குன்னு சொன்னீங்களே அண்ணே!"

மூன்று வருஷத்தில் தலைவர் வம்சத்து ஆண்கள் பதினொரு பேரும் தீர்ந்தார்கள். எங்கள் பாறை நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். சுவாவில் ஒரு மாநாடு. 'மரணவழிக் கடல் மேலாண்மை' என்று பதாகை. சாவதற்குத் தலைவர் இல்லாத ஊர்க்காரர்கள் பொறாமையில் எங்களோடு பேசவில்லை.

எங்களிடமும் இப்போது யாரும் மிச்சமில்லை. படகு வெளியே காத்து நின்றது.

அப்போதுதான் உனைசி சொன்னாள்: "மனுஷனையே சாகடிச்சுக்கிட்டு இருக்கோமே. பாறையைச் சாகடிச்சா என்ன? செத்த பாறைக்கு எந்தப் படகு வரும்?"

அப்பெனிசா பாரத்தைப் புரட்டினான். முகம் மலர்ந்தது. "இறந்த பாறை, நிரந்தர மூடல். இதுக்குத் தனிக் கட்டமே இருக்கு அக்கா! நேர்சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

உனைசி போட்டாள். ஊரே கை தட்டியது. படகின் மனு தள்ளுபடி. நூறாம் நாள் இல்லை, பேருந்து இல்லை, விருந்து இல்லை. ஒரு வருஷத்தில் பாறை மான்கொம்பு மான்கொம்பாக விரிந்தது. முங்கினால் கிளிமீன் கொறிக்கும் சத்தம் காதில் விழும். வெளியே சொல்லாமல் சிரித்துக்கொண்டோம். அலுவலகத்தையே ஏமாற்றிவிட்டோமாம்.

பிறகு கடிதம் வந்தது. இறந்த பாறை பாறையல்ல, வெறும் கல். உயிருள்ள பாறைகளைத் தேடிச் செல்லும் ஆய்வுக் கப்பல் வந்து நிற்க ஒரு படகுத்துறை தேவை. கல்லை உடைத்து அங்கே கட்டப்படும்.

பெரிய இயந்திரம் வந்து கரையில் நின்றது. உனைசி அப்பெனிசாவின் சட்டையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தாள்.

"முங்கிப் பாருடா!"

முங்கினான். வெகுநேரம் கழித்து எழுந்தான். கண் சிவந்திருந்தது.

"உயிரோடதான் இருக்கு அக்கா. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை."

"அப்ப அதை எழுது."

"எப்படி எழுத? இறந்ததை நேர்ல பார்த்ததா நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? மாத்தினா உங்களுக்குச் சிறை, எனக்கு வேலை போயிடும். ஊர்த்தலைவர் ஆட்சேபணை கொடுத்தா நிறுத்தலாம். யாரு தலைவர்?"

பதினொரு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார்கள். விலிகேசாவே வாய் திறந்து கத்தினார். அப்பெனிசா பட்டியலைப் பார்த்தான். ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லார் பேருக்கும் எதிரே முத்திரை இருந்தது. அவன் கையாலேயே குத்தியது.

"இறந்தவங்க ஆட்சேபிக்க விதி இல்லை மச்சான்" என்றான் மனாசாவிடம். பிறகு இயந்திரக்காரனுக்குக் கை காட்டினான்.

அதற்குள் பெண்கள் வலையோடு இறங்கிவிட்டார்கள். எப்படியும் உடையப்போகிறது, மீனாவது மிஞ்சட்டும் என்று கிடைத்ததையெல்லாம் வாரினார்கள். மத்தியானம் தேங்காய்ப்பாலில் கொதித்தது. முதல் பகுதி உடைந்து சரிந்ததும் வேலையை நிறுத்தி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"இவ்வளவு ருசியான மீன் இங்க எங்க கிடைக்குது?" என்று கேட்டான் இயந்திரக்காரன்.

"அதோ, செத்த பாறையில" என்றாள் உனைசி.

அவன் இன்னொரு துண்டு கேட்டான். அப்பெனிசாவும் தட்டை நீட்டினான். நாங்களும் நீட்டினோம். இறந்தவர்கள் பதினொரு பேருக்கும் நல்ல பசி.